ரெண்டாவது சாட்சி

உக்காருங்க தம்பி, எங்கிட்டு வேணும்னாலும் உக்காரலாம். இம்புட்டு சீட்டும் காலியாத்தான் கெடக்கு. ஆனா எனக்குப் பக்கத்துல உக்காந்தீங்கன்னா நல்லது. அந்த ஓரத்து ஸ்பீக்கர் செத்துப் போச்சு. இங்கதான் சத்தம் தெளிவா விழும். எல்லா எடத்துலயும் உக்காந்து பாத்துட்டுத்தான் சொல்றேன்.

படம் போடுவாங்களான்னு பயப்படாதீங்க. பத்து டிக்கெட் போகலன்னா காலைக் காட்சிய ரத்து பண்ணிருவாய்ங்க, இந்த தியேட்டர்ல அது வழக்கம். மூணாவது வாரம் வேற. அதான் நானே ஒம்பது டிக்கெட்ட எடுத்துட்டு, பத்தாவது ஆளுக்காக வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தேன். நீங்க வந்தீங்க. எனக்கு எப்பவும் கடைசி நேரத்துல ஒரு ஆள் வந்துருவாரு, அது என் ராசி.

மருந்துக் கம்பெனியா? பையப் பாத்தாலே தெரியுதே. டாக்டரம்மா ஒரு மணிக்கு மேலதான் உங்கள மாதிரி ஆளுகளப் பாப்பாங்க. அதுவரைக்கும் வெயில்ல நிக்கிறதுக்கு இங்க ஏசியில உக்காந்திருக்கலாம்னு வந்தீங்க. நல்ல முடிவு.

என்ன அப்படிப் பாக்குறீங்க? எங்கயோ பாத்த மாதிரி இருக்கா? போன்ல பாத்திருப்பீங்க. "மாமா மேல தப்பே இல்ல" — அந்த வீடியோ. ஆமா, நாந்தான். சிரிங்க, பரவால்ல. ஊரே சிரிச்சு முடிச்சிருச்சு. டீக்கடைக்குப் போனா, "மாமாவுக்கு ஒரு டீ"ங்குறாய்ங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டு முப்பத்தஞ்சு வருசம் பழகுன ஆளுக. என் பேரு பூமிநாதன். பத்திர எழுத்தர். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதுக்க மூணாவது கடை. நாலாயிரம் பத்திரத்துக்கு மேல எழுதியிருக்கேன் தம்பி, ஒண்ணு கூட கோர்ட்டுல நிக்காமப் போனதில்ல. அத எழுதிக்கங்க மொதல்ல.

படம் நீங்க பாத்ததில்லயே? பாக்காத ஆளாத்தான் வேணும்.

கதைய நானே சொல்லிர்றேன், அப்பத்தான் எங்க காது குடுத்துக் கேக்கணும்னு தெரியும். ஒருத்தன் மெட்ராஸ்ல இருந்து வர்றான். படம் பூரா இருட்டு, படம் பூரா மழை. எங்க ஊர்ல எங்க தம்பி அம்புட்டு மழை? செவப்பு லைட்டு, நீல லைட்டு, யாரு மூஞ்சியும் சரியாத் தெரியாது. வந்தவன் ஒவ்வொருத்தனாக் கொல்றான். எதுக்குன்னு கேட்டா, அவங்க அம்மாவ ஏமாத்தி, ஒரு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கிட்டாங்களாம். அதாவது, அப்பா சொத்துல எனக்குப் பங்கு வேணாம், அண்ணனுக்கே விட்டுக் குடுக்குறேன்னு பொம்பளப் பிள்ளைக எழுதிக் குடுக்குறது. ஊரு ஒலகத்துல நடக்காததா? வாரம் நாலு நான் எழுதுறேன். அதுக்குப் போயி, சாட்சி போட்ட ரெண்டு பேரு, ஆபீஸ் கிளார்க்கு ஒருத்தன், மூணு பேரக் கொல்றான். செத்தவன் கட்டைவிரல்ல மை தடவிட்டுப் போறான். பயலுக விசிலடிக்கிறாய்ங்க.

கடைசில பத்திரம் எழுதுன ஆளுகிட்ட வர்றான். அவனோட தாய்மாமன். அவந்தான் வில்லன்.

நான் இல்ல தம்பி. அதத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுறேன். அந்த வில்லன் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கான், நான் என்னைக்குப் போட்டேன்? அவன் கார்ல வர்றான். என் டிவிஎஸ் வெளிய நிக்குது, பாத்துட்டு வாங்க. அவன் காதுல பேனாவச் சொருகியிருக்கான், சரி, நானும் சொருகுவேன். படத் தொடக்கத்துல அந்தப் பையனோட அம்மா ரேகை வச்சதும் அவன் துண்டு நுனியால அந்தப் பொம்பள விரலத் தொடச்சிட்டு மூணு தடவ ஊதுறான். அதுவும் என் பழக்கந்தான். மை காயணும்ல? பத்திரம் எழுதுற எவனும் ஊதத்தான் செய்வான். அத வச்சு, "மாமாவ அப்படியே உரிச்சு வச்சிருக்கான்"னா என்ன அர்த்தம்?

உரிச்சு வச்சவன் யாருன்னு சொல்லலையே. படத்த எடுத்த டைரக்டர் திலீபன், என் மருமகன். கூடப் பொறந்த தங்கச்சி சுந்தரவள்ளியோட மகன். அவனுக்கு மொட்ட போட்டு, என் மடியில வச்சுத்தான் காது குத்துனது. கடுக்கன் நான் போட்டது. அத ஒரு சீன்ல காட்டியிருக்கானான்னு மூணு தடவ பாத்துட்டேன். காட்டல.

வள்ளி புருசன் செத்து ரெண்டு வருசத்துல எங்கப்பா போயிட்டாரு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள் அவ ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்தா, விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டா, ரேகை வச்சா, போனா. ரோட்டடி நிலம் ஒன்றர ஏக்கர், கெணத்தோட. இருபத்தெட்டு வருசம் ஆச்சு. ஒரு நாள் ஒரு வார்த்த கேட்டிருக்காளா? இல்ல. யாரு கேட்டாலும், "எங்கண்ணனுக்கு நானாத்தான் எழுதிக் குடுத்தேன்"னு சொல்லியிருக்கா. நானும் கைவிட்டுறல. அவ மெட்ராசுக்குப் போயி எக்ஸ்போர்ட் கம்பெனில துணி தைக்கிறதாத் தெரிஞ்சு, தீபாவளிக்கு சேலை எடுத்து அனுப்புனேன். அவ வீடு மாறிட்டாபோல, பார்சல் திரும்பி வந்துருச்சு. என் வீட்ல கட்டிக்கிட்டா.

அத விடுங்க. படம் வந்த அன்னைக்கு மொத ஆட்டத்துக்கு நான் வந்தேன். மருமகன் எடுத்த படம், வராம இருக்க முடியுமா? வேட்டிய மாத்திக்கிட்டு, மூணாவது வரிசையில உக்காந்தேன். படம் முடியுற எடத்துல, அந்த மெட்ராஸ் பய, வில்லன் நெத்தியில துப்பாக்கிய வச்சு ஒரே ஒரு கேள்வி கேக்குறான். "அன்னைக்கு எங்கம்மாகிட்ட என்ன சொல்லிக் கையெழுத்து வாங்குன?" வில்லன் வாயத் தொறக்குறான். டம்முனு இடி. தெரை இருட்டாயிருச்சு. படம் முடிஞ்சது.

வெளிய வந்தா ஒரே சண்டை. "என்ன சொன்னான்னு காட்டவே இல்லயே"ன்னு ஒரு கூட்டம், "அதான்டா படமே"ன்னு ஒரு கூட்டம். ஒரு பிள்ள மைக்கப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிது, யூடியூப்காரப் பிள்ள. வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் அதே கேள்வி: "மாமா என்ன சொல்லியிருப்பாருன்னு நெனக்கிறீங்க?" காலேஜ் பய ஒருத்தன் சொல்றான், "பையனக் கடத்திருவேன்னு மெரட்டியிருப்பான் ப்ரோ, தரமான சம்பவம்." இன்னொருத்தன், "மேசைக்கு அடியில கத்தி வச்சிருந்தான், நான் நோட் பண்ணேன்." ஒரு வாத்தியாரு, படிச்ச மனுசன், அவரு சொல்றாரு, காப்பியில மருந்து கலந்து குடுத்திருப்பானாம். ஒரு பொம்பள கண்ணத் தொடச்சிக்கிட்டே, "அந்தாளு நாசமாப் போவான்"னுட்டுப் போகுது. யார்னே தெரியாத பொம்பள.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு தம்பி. கத்தியாம், மருந்தாம். ஒரு கௌரவமான தொழில் பாக்குறவன என்னன்னு நெனச்சுக்கிட்டு இருக்காய்ங்க? மைக்க நானே வாங்கிட்டேன். சொன்னேன்: "மாமா மேல தப்பே இல்ல. கத்தியும் இல்ல, மருந்தும் இல்ல. அவன் சொன்னது ஒரே வார்த்தை. 'வள்ளி, பட்டா பேரு மாத்தணும், ரெண்டு எடத்துல போடு, மழை வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போயிரலாம்.' அம்புட்டுத்தான். அன்பாத்தான் சொன்னான். அதுக்குப் போயி மூணு கொலையா?"

கைதட்டுனாய்ங்க. சத்தியமா கைதட்டுனாய்ங்க. அந்தப் பிள்ளதான் மெதுவா, "படத்துல அந்தம்மா பேரு மரகதம் சார்"னுச்சு. ஏதோ ஒரு பேருன்னுட்டு வந்துட்டேன்.

மறுநாள் பாத்தா நாலு லட்சம் பேரு பாத்திருக்கான். கீழ எழுதுறாய்ங்க, "இந்த வசனம் எந்த சீன்ல வருது?" "நான் ரெண்டு தடவ பாத்தேன், அப்படி ஒரு வசனமே இல்ல." "அந்த சீன்லதான் ஏற்கெனவே மழை கொட்டுதே, மழை வர்றதுக்குள்ளன்னு எப்படிச் சொல்லுவான்?" ஒருத்தன் அதக் கேட்டான், அவனப் பாத்து ஆயிரம் பேரு கேக்குறான்.

மழை கொட்டுதுன்னா அது டைரக்டர் தப்பு. அன்னைக்கு மழையே பெய்யல. இருட்டிக்கிட்டு மட்டுந்தான் இருந்துச்சு, நாங்க வீட்டுக்குப் போயிச் சேந்து துணிய எடுத்து உள்ள போட்ட பெறகுதான் ரெண்டு தூத்தல் விழுந்துச்சு. ஒருத்தன் நேர்ல இருந்து பாத்துட்டு, அதக் கூட ஒழுங்கா எடுக்கலன்னா நான் என்ன செய்றது?

திலீபன் ஏதோ ஒரு பேட்டியில சொல்லியிருக்கான். என் மகன் போன்ல காட்டுனான். "நான் அன்னைக்கு ஏழு வயசுப் பையன். கண்ணாடி ஜன்னலுக்கு வெளிய நின்னேன். மாமா அம்மா விரலப் பிடிச்சு உருட்டுனது தெரிஞ்சது, வாய் அசைஞ்சது தெரிஞ்சது, சத்தம் கேக்கல. அம்மாகிட்ட எத்தனையோ தடவ கேட்டேன், சொல்லல. அதனாலதான் படத்துல அந்த எடத்த வெறுமையா விட்டேன்." இப்படிச் சொல்றான். அதாவது அந்தக் கையெழுத்து வாங்குற சீன்ல வசனமே கெடயாதாம், மழைச் சத்தம் மட்டுந்தானாம். படத்த எடுத்தவனுக்கே அவன் படத்துல என்ன இருக்குன்னு தெரியல பாத்தீங்களா?

நான் கேட்டேன் தம்பி. இந்தக் காதால கேட்டேன். மழைச் சத்தத்துக்கு நடுவுல ஒவ்வொரு வார்த்தையும் பிசகாம விழுந்துச்சு. கேக்காம நான் எப்படிச் சொல்ல முடியும்? நீங்களே சொல்லுங்க. வேற எப்படி எனக்குத் தெரியும்?

ரெண்டாவது தடவ என் வீட்டம்மாவக் கூட்டிட்டு வந்தேன். அவளும் காதாரக் கேட்டுரட்டும்னு. அந்த சீன் வந்துச்சு. அந்தப் பொம்பள விரலத் தொடச்சிட்டு அவன் ஊதுறான். இவ எந்திரிச்சு வெளிய போயிட்டா. என்னடின்னு பின்னாடியே போனா, "காத்து வரல"ங்குறா. ஏசி தியேட்டர்ல காத்து வரலையாம். கேட்டியா இல்லையான்னேன். "எனக்கு ஒண்ணும் கேக்கல"ன்னா. வள்ளிக்கு எடுத்த அந்தச் சேலையத்தான் கட்டிருந்தா அன்னைக்கு. வீட்டுக்கு வந்ததும் அத மடிச்சு, பீரோவுல வைக்காம, ஒரு பையில போட்டு வச்சிட்டா. பொம்பளைக மனசு யாருக்குப் புரியுது?

மூணாவது தடவ நான் மட்டும் வந்தேன். பின்னாடி ரெண்டு பயலுக என்னயப் பாத்துட்டு, அந்த சீன்ல, "மாமா, இப்பச் சொல்லுங்க மாமா"ன்னு கத்துறாய்ங்க. அதுல வசனம் அமுங்கிப் போச்சு. அதான் காலைக் காட்சி. அதான் ஒம்பது டிக்கெட்டு.

இதுக்கு நடுவுல வள்ளி போன் பண்ணா. பதினஞ்சு வருசத்துக்கு அப்பறம். நம்பர் யார் குடுத்தான்னு தெரியல. நான் அலோன்னேன். "அண்ணே"ன்னா. கொரலு அப்படியே இருக்கு தம்பி, மாறவே இல்ல. "அண்ணே, நான் யார்கிட்டயும் சொல்லலண்ணே. எம்புள்ளகிட்டக் கூடச் சொல்லல. நீயே சொல்லிட்டியே"ன்னா. வச்சுட்டா.

என்ன பேச்சு இது? எத நான் சொல்லிட்டேன்? படத்துல இருந்ததச் சொன்னேன். அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு எறங்கல. பசிக்கல, அவ்வளவுதான்.

சரி, இப்ப விசயத்துக்கு வர்றேன். எனக்கு ஒரு மக, கலைவாணி. பழனியில பள்ளிக்கூடத்துல டீச்சர். ஒரு மகன், ராஜவேலு. அவன் ரோட்டடி நிலத்துல கல்யாண மண்டபம் கட்டணும்ங்குறான். நாம இருக்கும்போதே எல்லாத்தையும் சுத்தமா மகன் பேருக்கு ஆக்கிரணும், நாளைக்கு மருமகப்பிள்ளை வந்து நிக்கக் கூடாது பாருங்க. எங்க பாட்டன் வழி வீடும் அதுல சேருது. அதுக்கு கலைவாணி ஒரு விடுதலைப் பத்திரம் போடணும். திங்கக்கிழமைக்கு ரிஜிஸ்தர் ஆபீசுல டோக்கன் போட்டாச்சு. அவளும் போன மாசம், "சரிப்பா, வர்றேன்"னு சொல்லிட்டா. ஏன் எதுக்குன்னு கூடக் கேக்கல. தங்கமான பிள்ள.

அவளும் படம் பாத்துட்டா. வீடியோவையும் பாத்துட்டா.

நேத்து போன் பண்றா. "அப்பா, திங்கக்கிழமை வர்றேன். கையெழுத்தும் போடுறேன். ஆனா அத்தைகிட்ட சொன்னத எங்கிட்டயும் ஒரு தடவ சொல்லுங்க. அதே மாதிரி, அதே வார்த்தை." அது நான் சொன்னதில்லம்மா, படத்துல வர்றதுன்னேன். "மழை கொட்டுறப்போ மழை வர்றதுக்குள்ளன்னு யாராச்சும் சொல்லுவாங்களாப்பா?"ங்குறா. இவளும் அதையே கேக்குறா. அப்பறம் சொல்றா, "சரி, படத்துல இருக்குன்னா, கேட்ட ஆளு ரெண்டு பேரக் காட்டுங்க. நீங்கதான் எதுக்கும் ரெண்டு சாட்சி வேணும்பீங்கல்ல. காட்டுனா, நான் எதையும் படிக்காமக் கையெழுத்துப் போடுறேன். இல்லன்னா மொதல்ல அத்தைக்கு எழுதுங்க, அப்பறம் எனக்கு எழுதலாம்."

அத்தைக்கு என்னத்த எழுதுறது? பதிஞ்சு இருபத்தெட்டு வருசமான பத்திரம். கல்லு மாதிரி நிக்கிது. நான் யாருக்கும் பயப்படல தம்பி. தப்பு செஞ்சவன் இப்படி ஊர் நடுவுல தியேட்டர்ல வந்து உக்காருவானா? ஒளிஞ்சுக்கிட்டுல்ல இருப்பான். நான் நாலு தடவ வந்திருக்கேன், அதே சட்டை, அதே துண்டு. வரட்டும், எவன் வேணும்னாலும் வந்து என்னயக் கேக்கட்டும்.

ரெண்டு சாட்சி கேட்டா. ஒரு சாட்சி நானு. இன்னொண்ணு நீங்க.

பயப்படாதீங்க, படத்துலதான் சாட்சியக் கொல்லுவாங்க. நெசத்துல அன்னைக்குச் சாட்சி போட்டவங்கள்ல ஒருத்தர் சக்கரையில போயிச் சேந்தாரு, இன்னொருத்தர் பேரன் பேத்தியோட நல்லாத்தான் இருக்காரு.

இந்தாங்க, இதான் தாள். இருபது ரூபாப் பத்திரத்துலயே எழுதிட்டேன், வெள்ளத் தாள்ல எழுதுனா என் மக மதிக்க மாட்டா. நேத்தே டைப் அடிச்சு வச்சுட்டேன். மேற்படி படத்தில் மேற்படி காட்சியில் மேற்படி வசனத்தக் காதாரக் கேட்டேன்னு இருக்கும். உங்க பேருக்கு மட்டும் எடம் விட்டிருக்கேன். என்ன பேரு? சொல்ல வேணாம், நீங்களே எழுதிக்கங்க.

பாத்துட்டுப் போடுறேங்குறீங்களா? அந்த சீன் அஞ்சாவது நிமிசத்துல வந்துரும். ஆனா அதுக்கப்பறம் இருட்டுல எப்படி எழுதுவீங்க? எடவேளை விட்டா நீங்க டாக்டரம்மாவப் பாக்க ஓடிருவீங்க. உங்க மாதிரி ஆளுகள எனக்குத் தெரியாதா? எனக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. நீங்க போயிட்டா, நான் எங்க போயி இன்னொரு ஆளப் பிடிக்கிறது? இந்த ஊர்ல எவனும் என் பக்கத்துல உக்கார மாட்டேங்குறான் தம்பி.

படிக்கணுமா? என்ன தம்பி இது. நாலாயிரம் பத்திரத்துல ஒருத்தரும் படிச்சுட்டுப் போட்டதில்ல. கூடப் பொறந்தவளே படிக்கல. எம்மேல நம்பிக்கை. எல்லாம் நான் சொன்னதுதான், ஒரு எழுத்து மாறியிருக்காது. எங்க அந்தப் பேனா... காதுலதான் இருக்கு. பிடிங்க. சும்மா ரெண்டு எடத்துல போடுங்க, இங்க ஒண்ணு, அடியில ஒண்ணு. படம் ஆரம்பிக்கிறதுக்குள்ள முடிச்சுரலாம்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? நான் என்ன சொல்லிட்டேன் இப்ப?

அட, லைட்ட அணைச்சுட்டாய்ங்க. பரவால்ல, பரவால்ல, எந்திரிக்காதீங்க. எங்க போடணும்னு எனக்குத் தெரியும். கைய மட்டும் இப்படிக் குடுங்க.